மூன்றாம் எண் சிரிப்பு

காசு கட்டிப் பார்க்கும் தொலைக்காட்சிக்கும் சும்மா பார்க்கும் தொலைக்காட்சிக்கும் என்ன வித்தியாசம் என்று நியூயார்க்கில் விவரம் தெரிந்த யாரையாவது கேட்டால் இரண்டு விஷயம் சொல்வார்கள். காசு கட்டினால் விளம்பரம் கிடையாது. காசு கட்டினால் கெட்ட வார்த்தைக்குத் தடை கிடையாது. கேண்டர் என்ற கட்டணச் சேனல்காரர்கள் மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்துக்கொள்வார்கள்: அங்கே உண்மையைத் தவிர வேறெதுவும் பேசப்படுவதில்லை. இதைக் கட்டட வாசலில் பித்தளை எழுத்தில் பொறித்தும் வைத்திருக்கிறார்கள்.

இந்தக் கம்பெனி ஒருகாலத்தில் சும்மா பார்க்கும் சேனல் ஒன்றையும் நடத்தியது. அதில் பேசுகிறவர்கள் வாய் தவறிச் சொல்லும் கெட்ட வார்த்தைகளைப் பொறுக்கி எடுப்பதற்கென்றே ஒன்பது பேர் கொண்ட பிரிவு இருந்தது. அந்தச் சேனலை மூடியபோது, இத்தனை அனுபவசாலிகளை வீட்டுக்கு அனுப்புவானேன் என்று அதே ஒன்பது பேரை அதே நாற்காலிகளில் உட்காரவைத்து, கெட்ட வார்த்தை போதாத இடத்தில் சேர்க்கும் வேலையைக் கொடுத்தார்கள். நிமிடத்துக்கு ஒன்றரை என்பது அளவு. குறைந்தால் சந்தாதாரர் ஏமாந்துபோவார்.

இந்த மாளிகைக்குள் ரால்ஃப் பெலூசோ ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் வந்து சேர்ந்தார். நியூ ஜெர்சியில் கார்வின் என்ற ஊரில் இருபத்தாறு வருடமாகப் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர். ஐம்பத்தெட்டு வயது, மனைவி இறந்து நாலு வருடம், பெரிய உடம்பு, அதற்கேற்ற மூக்கு. டக்ளஸ் பிரிம் நடத்தும் ‘மூடி மறைக்காமல்’ என்ற வாராந்திரப் பேச்சு நிகழ்ச்சிக்குக் குலுக்கலில் அவருக்கு இலவசச் சீட்டு விழுந்திருந்தது. தான் டி.வி.யில் வரப்போவதாகப் பேருந்து நிலையத்தில் எல்லோரிடமும் ஒரு தடவையும், தங்கை லொரெட்டாவிடம் மூன்று தடவையும் சொல்லிவிட்டுத்தான் புறப்பட்டார்.

வாசலில் மூன்று மணி நேரம் வரிசை. கைபேசியைப் பிடுங்கிப் பையில் போட்டுப் பூட்டினார்கள். ஆறு பக்கத்துக்கு ஒரு படிவம் கொடுத்தார்கள். நாலாம் பக்கத்தில், கையெழுத்திடுபவரின் சிரிப்பு ‘பிரபஞ்சம் முழுவதிலும், எக்காலத்துக்கும்’ கம்பெனிக்குச் சொந்தம் என்றிருந்தது. செவ்வாய் கிரகத்தில் யார் உட்கார்ந்து பார்க்கப்போகிறார்கள் என்று ரால்ஃப் கையெழுத்துப் போட்டார்.

உள்ளே ஒரு பெண் கையில் அட்டையோடு நின்று முகம் முகமாகப் பார்த்து உட்காரவைத்துக்கொண்டிருந்தாள். அழகானவர்கள் முன்வரிசையில், சுமாரானவர்கள் தூணுக்குப் பின்னால். ரால்ஃபைப் பார்த்ததும் சட்டைக் காலரில் இருந்த மைக்கில், “மூணாவது வரிசைக்கு ஒரு உழைப்பாளி முகம் கேட்டீங்களே, கெடச்சிருச்சு” என்றாள். ரால்ஃபுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று.

நிகழ்ச்சிக்கு முன்னால் கூட்டத்தைச் சூடேற்றுவதற்கென்று லென்னி என்று ஒருவன் வந்தான்.

“இங்க பாருங்க, இஷ்டத்துக்கு யாரும் சிரிக்கக் கூடாது. எல்லாத்துக்கும் நம்பர் இருக்கு. ஒண்ணாம் நம்பர், உதட்டோட நிறுத்திக்கணும். செனட்டர் பேர் வந்தா அது. ரெண்டாம் நம்பர்னா தோள் குலுங்கணும். மூணாம் நம்பர்தான் நம்ம சரக்கு. ‘ஐயையோ, இதுக்குப் போய்ச் சிரிக்கலாமா, ஆனா முடியலையே’ன்னு ஒரு சிரிப்பு. வாயப் பொத்து, பக்கத்து ஆளப் பாரு, தலைய ஆட்டு. சும்மா பாக்குற சேனல்ல இது கெடைக்காது. மாசாமாசம் ஜனங்க காசு கட்டுறது இதுக்குத்தான்.”

“நாலாம் நம்பர்?” என்று யாரோ கேட்டார்கள்.

“அது சிரிப்பே இல்ல, கைதட்டு. ஜோக்குக்குச் சிரிப்பு வரல, ஆனா கருத்து நம்ம கருத்து. அப்பத் தட்டணும். எங்க நிகழ்ச்சியில பாதி அதுதான்.”

பிறகு ஒவ்வொரு எண்ணையும் வரிசையாகச் சிரிக்கச் சொல்லிப் படம் எடுத்தார்கள். மேடையில் ஒரு நாற்காலியும் ஒரு தண்ணீர்க் கோப்பையும் தவிர ஒன்றுமில்லை. எடுத்து வைத்துக்கொண்டு, வேண்டிய இடத்தில் ஒட்டிக்கொள்வார்களாம். ரால்ஃப் அந்தத் தண்ணீர்க் கோப்பையைப் பார்த்து வாயைப் பொத்தித் தலையை ஆட்டினார். “அண்ணே! மூணாவது வரிசை அண்ணே! அதான், அதான்! இன்னொருக்கா!” என்று லென்னி கூவினான். பள்ளிக்கூடத்தில்கூட ரால்ஃபை யாரும் இப்படிப் பாராட்டியது கிடையாது.

நிகழ்ச்சி ஆரம்பித்துப் பதினெட்டாவது நிமிடம். டக்ளஸ் பிரிம்முக்குப் பின்னால் இருந்த பெரிய திரையில் லொரெட்டா வந்து நின்றாள்.

லொரெட்டா, கார்வின் ஆரம்பப் பள்ளியின் சமையற்கட்டில் பத்தொன்பது வருடமாக வேலை பார்க்கிறவள். இனிமேல் பள்ளியில் சமைப்பதில்லை, வெளியிலிருந்து அட்டைப்பெட்டியில் சாப்பாடு வரும் என்று நிர்வாகக் குழு முடிவெடுத்த அன்று, சமையல் மேலங்கியைக் கழற்றாமல், கையில் இருந்த கரண்டியைக் கீழே வைக்கவும் மறந்து, நேராகக் கூட்டத்துக்குப் போய் மைக்கைப் பிடித்துவிட்டாள். “பத்தொம்போது வருஷத்துல ஒரு நாளாவது என் குழம்பு அடி பிடிச்சிருக்கா? என் கறி உருண்டைய ஒரு புள்ளயாவது மிச்சம் வெச்சிருக்கா?” என்று கேட்டவள், மூன்றாவது வாக்கியத்தில் உடைந்து ஓவென்று அழுது, மேலங்கியில் மூக்கைச் சிந்தினாள். யாரோ கைபேசியில் எடுத்து ஊருக்கு விட்டார்கள். நாற்பது லட்சம் பேர் பார்த்தார்கள். மூன்று வாரம் அவள் கடைகண்ணிக்குப் போகவில்லை. இப்போதுதான் மெல்லத் தலையை வெளியே நீட்டியிருந்தாள்.

டக்ளஸ் பிரிம் திரையைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். “எனக்கு ரெண்டு விவாகரத்து ஆச்சு. ரெண்டுக்கும் சேத்து நான் இவ்ளோ அழல. யாராவது இந்தம்மாவுக்கு ஒரு வக்கீல் புடிச்சுக் குடுங்கப்பா, பாதி உருண்டையாவது ஜீவனாம்சமா வரும்.” இடையில் ஒன்பது பேர் பிரிவு சேர்த்த வார்த்தைகளை விட்டுவிட்டேன்.

அரங்கமே அதிர்ந்தது. அந்த நேரத்தில் தன் முகம் கல்லாக இருந்தது என்று ரால்ஃப் வீடு திரும்பும் பேருந்தில் தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். ஆற்றுக்கடியில் சுரங்கப்பாதைக்குள் நுழைந்தபோது அது நிச்சயமாகிவிட்டது. ஜெர்சிப் பக்கம் வெளியே வந்தபோது, எழுந்து நின்று கத்தலாமா என்றுகூட யோசித்தோமே என்பதும் அதோடு சேர்ந்துகொண்டது. எடுத்ததில் பாதியை வெட்டிவிடுவோம் என்று லென்னி சொல்லியிருந்தான். தங்கை வந்த பாகம் வெட்டுப்படும் பாதியில் போய்விடும் என்று நம்பி, ரால்ஃப் அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கோழைத்தனம்தான். அது அவருக்கே தெரிந்தது, வெட்கமாகவும் இருந்தது, ஆனாலும் சொல்லவில்லை.

மனைவி போனதிலிருந்து ரால்ஃபுக்கு ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணிச் சாப்பாடு லொரெட்டா வீட்டில்தான். வாரத்தில் அந்த ஒருவேளைதான் அவர் இன்னொரு மனிதரோடு உட்கார்ந்து சாப்பிடுவது. அந்த ஞாயிறு, லொரெட்டாவின் கணவர் ஆர்மண்ட், மச்சானைப் பார்ப்பதற்காகவே ஒரு மாதச் சந்தா கட்டியிருந்தார். மறு ஒளிபரப்பு ஓடியது. மூன்று பேரும் தட்டோடு உட்கார்ந்தார்கள்.

“உன் மூஞ்சி எப்பண்ணே வரும்?” என்று லொரெட்டா ஐந்து தடவை கேட்டாள்.

வெட்டியது போக ஒன்பதாவது நிமிடத்தில் அவள் மூஞ்சி வந்தது. விவாகரத்து வந்தது, ஜீவனாம்சம் வந்தது. உடனே திரை முழுக்க ரால்ஃபின் மூஞ்சி வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு, பக்கத்து ஆளைப் பார்த்து, தலையை ஆட்டி ஆட்டிச் சிரித்தது. மூன்றாம் எண், அச்சுப் பிசகாமல்.

ஆர்மண்ட் கையில் இருந்த ரொட்டியைக் கீழே வைத்தார்.

“அது முன்னாடியே எடுத்தது லொரெட்டா! சத்தியமா! மேடையில யாருமே இல்ல. நான் வெறும் நாற்காலியப் பாத்துச் சிரிச்சேன்.”

“வெறும் நாற்காலியப் பாத்து எவனாவது அப்பிடிச் சிரிப்பானா மச்சான்?” என்றார் ஆர்மண்ட்.

“சிரிக்கச் சொன்னாங்க மாப்ள. நம்பர் போட்டுச் சிரிக்கச் சொன்னாங்க.”

லொரெட்டா அழவில்லை. அழுது ஒரு தடவை உலகம் பார்த்தது போதும் என்று நினைத்திருப்பாள். ரால்ஃபின் தட்டை எடுத்து, பாதி தின்ற உருண்டையைக் குப்பையில் தள்ளினாள். “ஊரு சிரிக்கட்டும். நீயுமாண்ணே? முன்னாடியே எடுத்ததுன்னா அவங்ககிட்டயே எழுதி வாங்கிட்டு வா. அதுவரைக்கும் ஞாயித்துக்கெழமை இந்தப் பக்கம் வராத.”

மறுநாளே ரால்ஃப் விடுப்புப் போட்டுவிட்டு, பித்தளை எழுத்து வாசலில் போய் நின்றார்.

“புகாரா, பாராட்டா?” என்று வரவேற்பில் கேட்டார்கள்.

“ரெண்டும் இல்லம்மா. நான் எப்பச் சிரிச்சேன்னு ஒரு சான்றிதழ் வேணும்.”

இப்படி ஒரு விசித்திரமான ஆள் வந்தால் எங்கே அனுப்புவது என்று தெரியாமல், நகைச்சுவை எழுதுகிறவர்களின் அறைக்கு அனுப்பிவிட்டார்கள். நீள மேசையைச் சுற்றிப் பதினொரு பேர் இழவு வீட்டில் உட்கார்ந்திருப்பதுபோல உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் எதையோ வாசிப்பார். மற்றவர்கள் யோசிப்பார்கள். பிடித்திருந்தால் ஒருவர் தரையைப் பார்த்துக்கொண்டே, “சிரிப்பா இருக்கு” என்பார். யாரும் சிரிக்க மாட்டார்கள். சிரித்தால் தொழிலுக்குப் புதிது என்று நினைத்துவிடுவார்களாம். ரால்ஃப் தன் கதையை முழுக்கச் சொன்னார். தங்கை தட்டைப் பிடுங்கிய இடத்தை இரண்டு தடவை சொன்னார். பதினொரு பேரும் உன்னிப்பாகக் கேட்டார்கள். ஒருவர் பெருமூச்சு விட்டு, “சிரிப்பா இருக்கு” என்றார். இன்னொருவர் குறித்துக்கொண்டார்.

அங்கிருந்து தப்பி, மூன்று மாடி ஏறி, நேர்மைப் பிரிவின் துணைத் தலைவர் அறையைக் கண்டுபிடித்தார். அந்த அம்மாளின் பெயர் பிளேர் ஹட்சின்ஸ். அலமாரி நிறைய விருதுகள்.

“உங்க வலி எனக்குப் புரியுது மிஸ்டர் பெலூசோ. ஆனா ஒண்ணு தெரிஞ்சுக்கணும். நாங்க அதிகாரத்துல இருக்கறவங்கள மட்டுந்தான் கிண்டல் பண்ணுவோம். அது எங்க கொள்கை.”

“என் தங்கச்சி பள்ளிக்கூடத்துல சோறு போடுறவம்மா.”

“நாப்பது லட்சம் பேர் பாத்திருக்காங்க. அது அதிகாரம் இல்லியா? எங்க டக்ளஸ போன வாரம் ஒம்போது லட்சம் பேர்தான் பாத்தாங்க. நியாயமாப் பாத்தா இதுல எளியவர் அவருதான்.”

“அப்ப அந்த கவர்னரக் கிண்டல் பண்றதுதானே? தெனம் ஒரு திருட்டுத்தனம் பேப்பர்ல வருதே.”

பிளேர் ஹட்சின்ஸுக்கு உண்மையிலேயே அதிர்ச்சி. “அவர் அடுத்த வாரம் நம்ம விருந்தாளி சார். வீட்டுக்குக் கூப்பிட்டு வெச்சுக் கிண்டல் பண்றது மரியாதையா?”

“சரி, எனக்கு அதெல்லாம் எதுக்கு? என் சிரிப்பு முன்னாடியே எடுத்ததுன்னு ரெண்டு வரி எழுதிக் குடுங்க.”

“அதெப்பிடி? எங்ககிட்ட எல்லாமே உண்மை. உங்க சிரிப்பும் உண்மைதான், இடம்தான் மாறியிருக்கு. உங்க வீட்டு சோபாவ ஹால்லேந்து படுக்கை ரூமுக்கு மாத்துனா அது பொய் சோபா ஆயிருமா?”

ரால்ஃப் தன் வீட்டு சோபாவை மனதுக்குள் படுக்கை அறைக்கு மாற்றிப் பார்த்தார். பேருந்து ஓட்டுகிறவருக்கு சோபாவைப் பற்றி என்ன தெரியும்?

“இதவிட நல்ல வழி ஒண்ணு சொல்றேன்” என்று அந்த அம்மாள் நாற்காலியை முன்னால் இழுத்தார். “உங்க தங்கச்சியக் கூட்டிட்டு வாங்க. கரண்டியோட. டக்ளஸ் மன்னிப்புக் கேப்பாரு. ரெண்டு பேரும் சேந்து உருண்டை புடிப்பாங்க. டக்ளஸ் அழுவாரு. ரொம்ப நல்லா அழுவாரு, அந்தக் கடைசி விருது அதுக்குத்தான். நீங்களும் மேடையில பக்கத்துலயே உக்காரலாம்.”

வேண்டாம் என்று ரால்ஃப் சொன்னார். ஆனால் சொல்வதற்கு நாலைந்து விநாடி பிடித்தது. அந்த நாலைந்து விநாடியில், மேடையில் எந்தச் சட்டை போட்டுக்கொள்வது என்று அவர் மனம் தேடிப் பார்த்துவிட்டு வந்தது. அதை நினைத்து, அங்கே உட்கார்ந்திருக்கும்போதே அவருக்குக் காது சுட்டது.

அவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. மத்தியானச் சாப்பாட்டு நேரமும் தாண்டிவிட்டது. கடைசியில் வக்கீலைக் கூப்பிட்டார்கள். வக்கீல் யோசித்துவிட்டு, படச்சுருள் காப்பறையில் நேரத்தைச் சரிபார்த்துக்கொண்டு வந்தால் கடிதம் தரலாம், கம்பெனிக்கு நஷ்டமில்லை என்றார்.

காப்பறை கட்டடத்தின் அடித்தளத்தில் இருந்தது. வில்மா என்ற நரைத்த பெண் ஒருத்தி திரைக்கு முன்னால் சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தாள். அந்தக் கட்டடத்திலேயே ரால்ஃபிடம் பாதி சாண்ட்விச்சை நீட்டிய ஒரே ஆள் அவள்தான்.

“மூணாவது வரிசைதானே? இந்தாங்க, நாலு மணி பன்னெண்டு நிமிஷம். மேடை காலி. வாயப் பொத்துறீங்க, தலைய ஆட்டுறீங்க. நீங்க சொன்னது நெசம்தான்.”

ரால்ஃபுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. “இது போதும்மா. இத எழுதிக் குடுங்க.”

“இருங்க. அந்த ஜோக்கு சொன்ன நேரத்துல நீங்க என்ன பண்ணீங்கன்னும் பாத்துட்டுத்தான் கையெழுத்துப் போடணும். வக்கீல் சொல்லியிருக்காரு.”

“வேண்டாம்” என்றார் ரால்ஃப். ஏன் அவ்வளவு அவசரமாகச் சொன்னார் என்று அவருக்கே தெரியவில்லை. “அப்ப நான் சும்மாதான் இருந்தேன்.”

“அப்ப என்ன பயம்?” என்று வில்மா பொத்தானை அழுத்தினாள். ஐந்து மணி முப்பத்தொரு நிமிடம்.

சத்தம் இல்லாத படம். மூன்றாவது வரிசையில் ரால்ஃப் திரையைப் பார்க்கிறார். ஒரு கணம் முகம் கல்லாகத்தான் இருக்கிறது; அந்த ஒரு கணம் மட்டும் அவர் நினைவு வைத்திருந்தது சரி. பிறகு இடப்பக்கம் பார்க்கிறார், வலப்பக்கம் பார்க்கிறார். எல்லோரும் சிரிக்கிறார்கள். முன்வரிசை அழகிகள் சிரிக்கிறார்கள். பிறகு அவர் வாய் திறக்கிறது. அது லென்னியின் பட்டியலில் எந்த எண்ணும் இல்லை. மூக்கைச் சுருக்கி, தொடையில் அறைந்து, மூச்சை உள்ளே இழுத்து இழுத்து, வயிறு குலுங்கச் சிரிக்கிறார். அதோடு விடவில்லை. பக்கத்தில் இருக்கும் முன்பின் தெரியாத இளைஞனின் கையைப் பிடித்து இழுக்கிறார், திரையைக் காட்டுகிறார். சத்தம் இல்லாவிட்டாலும் உதடு தெளிவாகத் தெரிகிறது. என் தங்கச்சி! அது என் தங்கச்சி! அந்த இளைஞன் அவர் தோளைத் தட்டிக்கொடுக்கிறான். ரால்ஃபின் முகத்தில் அப்படி ஒரு பெருமை. அவருடைய கல்யாணப் படத்தில்கூட அவ்வளவு இல்லை.

வில்மா மெல்லுவதை நிறுத்தியிருந்தாள். ரால்ஃப் தன் பூட்ஸ் நுனியைப் பார்த்தார். தரை பிளந்து விழுங்கிவிடாதா என்று இருந்தது. சினிமாவிலும் கதையிலும் சொல்வதுபோல் இல்லை. நிஜமாகவே, ஒரு பேருந்து ஓட்டுநர், அந்தச் சிமெண்ட் தரையிடம் அதைக் கேட்டார்.

“இத அவங்க எடுத்துக்கலங்க” என்றாள் வில்மா, சின்னக் குரலில். “ஓரத்துல குறிப்பு போட்டிருக்காங்க. ‘உழைப்பாளி முகம். மிகை நடிப்பு. நம்பும்படி இல்லை.’ அதான் நாற்காலியப் பாத்துச் சிரிச்சத எடுத்து ஒட்டிட்டாங்க.”

“இத யாராவது பாப்பாங்களா?”

“யாரு பாக்கப்போறா? ஆனா அழிக்க மாட்டாங்க. இருக்கும்.”

வில்மா கையெழுத்துப் போட்டாள். ஒளிபரப்பான சிரிப்பு இன்ன நேரத்தில், காலி மேடையைப் பார்த்துச் சிரித்தது என்பதுதான் அவள் சான்றளிக்க வேண்டியது. அதில் பொய் ஒரு எழுத்து இல்லை. கம்பெனித் தாளில் ஐந்து வரியில் கடிதம் வந்தது. வெளியே போகிற எந்தத் தாளும் ஒன்பது பேர் பிரிவைத் தாண்டித்தான் போக வேண்டும் என்பதால், ஐந்து வரியில் இரண்டு இடத்தில் கெட்ட வார்த்தை சேர்த்திருந்தார்கள். இந்தக் கதையை நீங்கள் காசு கொடுத்தே வாங்கியிருக்கலாம். ஆனாலும் அவற்றை நான் எழுதப்போவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணிக்கு ரால்ஃப் லொரெட்டா வீட்டு மணியை அடித்தார். வாசலிலேயே எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று வழி நெடுக ஒத்திகை பார்த்திருந்தார். கதவு திறந்ததும் கை தானாகக் கடிதத்தை நீட்டியது.

ஆர்மண்ட் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உரக்கப் படித்தார். “‘மேற்படி ரால்ஃப் பெலூசோவின் அந்த...’ ஏய், என்னடா இது, லெட்டர்ல போய் இந்த வார்த்தையெல்லாம்!” பிறகு இன்னொரு தடவை மனதுக்குள் படித்துவிட்டு மடித்தார். “மச்சான் சொன்னது நெசம்தான் லொரெட்டா.”

லொரெட்டா ஈரக் கையை மேலங்கியில் துடைத்துக்கொண்டு வந்து ரால்ஃபின் முகத்தைப் பிடித்துக்கொண்டாள். “நான் ஒரு கூறுகெட்டவண்ணே. அவமானத்துல என்னமோ பேசிட்டேன். உன் சிரிப்பு எனக்குத் தெரியாதா? பொறந்ததுலேருந்து கேக்குறேன். அன்னிக்கு ராத்திரியே இவருகிட்டச் சொன்னேன், டி.வி.ல வந்தது எங்கண்ணன் சிரிப்பே இல்ல, எங்கண்ணன் வாயப் பொத்திக்கிட்டுச் சிரிக்கிற ஆளே இல்லன்னு. சொன்னேனா இல்லியா?”

“சொன்னா” என்றார் ஆர்மண்ட்.

“நீ நெசமாச் சிரிச்சா எப்பிடி இருக்கும்?” அவள் மூக்கைச் சுருக்கினாள், தொடையில் அறைந்தாள், மூச்சை உள்ளே இழுத்து இழுத்து வயிறு குலுங்கினாள். காப்பறையில் பார்த்தது அப்படியே சமையற்கட்டு வாசலில் நின்றது. ஆர்மண்ட் விழுந்து விழுந்து சிரித்தார்.

“லொரெட்டா” என்றார் ரால்ஃப்.

“என்னண்ணே?”

அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. மேசையில் மூன்று தட்டு போட்டிருந்தது. அவர் வருவாரோ மாட்டாரோ என்று தெரியாமலே போட்டிருக்கிறாள்.

“ஒண்ணுமில்ல.”

“என்ன மூஞ்சிய அப்பிடி வெச்சிருக்க? எல்லாம்தான் முடிஞ்சுபோச்சே. எங்க, ஒருக்காச் சிரி பாப்போம். உன் சிரிப்பு. இவரும் பாக்கட்டும்.”

ரால்ஃப் மூக்கைச் சுருக்கினார். தொடையில் அறைந்தார். மூச்சை உள்ளே இழுத்து இழுத்து, வயிறு குலுங்கச் சிரித்தார்.

“இதான்! இதேதான்! இதுதான் எங்கண்ணன்!” என்று லொரெட்டா கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவர் தட்டில் இரண்டு உருண்டைக்குப் பதிலாக நாலு வைத்தாள். ரால்ஃப் நாலையும் சாப்பிட்டார்.